கடைக்காரருக்கு நான் ஆட்டிய தலை

இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருடம் உங்களை நான் இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டேன். பெயர் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் பெயருக்குக் கை வரவில்லை. வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் இந்தச் சொல்லுக்கு "என்னப்பா?" என்று பதில் வரும். இனி வராது என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் நாங்கள் இருக்கிற ஃப்ளாட்டில் இடம் காணாது என்று கோயில் மண்டபத்தைக் கேட்டு எடுத்திருக்கிறோம். மகள் வசந்தி ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறாள். உங்கள் படம், ஒரு தேவாரம், அதற்குப் பிறகு சொந்தக்காரர் எழுதின சில பக்கங்கள். ஹரோவிலிருந்து உங்கள் அண்ணையும் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். வசந்தி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அதைக் கேட்ட பிறகுதான் ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் பேனையைக் கையில் எடுத்தேன்.

அண்ணை எழுதியிருக்கிறார்: தன் தம்பிக்குக் கழுகுக் கண்ணாம். வேலை செய்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரனின் பேச்சைக் கேட்டு, வேட்டைக்கென்று மலிவான பழுதுபட்ட பைனாகுலர் ஒன்றை வாங்கி, அதற்குள்ளால் பார்த்துத்தான் கண் கெட்டதாம். கண்ணிலிருந்து அது தலைக்கு ஏறியதாம். அண்ணை பெயர் போடவில்லை. ஆனால் அந்த வெள்ளைக்காரன் டெரிக் என்று திவசத்துக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பைனாகுலரில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். உயிரோடு இருந்த உங்களுக்கு நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் என்ன நடந்தது என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இனி ஏலாது. இந்தக் கடிதத்தையும் மலரில் போடு என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்களும் வாசிப்பார்கள் அல்லவா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் அடுப்பிலிருந்து வருகிற பாணை எடுத்து அடுக்கினீர்கள். டெரிக் அதை லொறியில் ஏற்றினார். ஒரு நாள் தேநீர் நேரம் முற்றத்தில் நின்றபோது, எங்கேயோ தூரத்துப் புகைக்கூண்டில் ஒரு பருந்து இருக்கிறது என்று நீங்கள் காட்டினீர்களாம். மற்றவர்களுக்குப் புகைக்கூண்டே சரியாகத் தெரியவில்லையாம். ஒருவன் லொறியின் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, ஓம் இருக்கிறது என்றானாம். அன்றிலிருந்து வேலையிடத்தில் உங்களுக்குப் பெயர் 'ஐஸ்'. டெரிக் வாசலில் நின்று "ஐஸ்! ஐஸ்!" என்று கத்தும்போது, இந்தக் குளிருக்குள் இந்த மனிசன் ஏன் ஐஸ் கேட்கிறார் என்று நான் முழித்தேன். இங்கிலிஷில் கண்களுக்கும் அந்தச் சத்தம்தான் என்று வசந்தி சொல்லித்தான் விளங்கியது.

வன்னியில் வேட்டைக்குப் போன கதையை நீங்கள் டெரிக்குக்குச் சொல்லியிருந்தீர்கள். அவரிடம் துவக்கும் அதற்குரிய பேப்பரும் இருந்தன. எசெக்ஸ் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர், பயிரைத் தின்கிற புறாவையும் முயலையும் சுட அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார். உங்களையும் கூட வரச் சொன்னார்.

"நீங்கள் அங்க போய் என்ன செய்யப் போறியள்? துவக்குப் பிடிக்க உங்களிட்டைப் பேப்பர் இல்லையே," என்று நான் கேட்டேன்.

"துவக்கை அவன் பிடிக்கட்டும். நான் கண் பிடிக்கிறன். கண்ணுக்கு இந்த நாட்டிலை இன்னும் பேப்பர் கேக்கேல்லை," என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியப் போய் மத்தியானம் வருவீர்கள். எங்கே முயல் ஒதுங்கியிருக்கிறது, புறாக் கூட்டம் எந்தப் பக்கத்தால் வயலுக்குள் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் உங்கள் வேலை. ஒரு முயலோடு டெரிக்கும் வீட்டுக்கு வருவார். எங்கள் மிளகாய்த்தூள் போட்டு நான் சமைத்ததைச் சாப்பிட்டுக் கண்ணும் மூக்கும் ஒழுக இருப்பார். "லவ்லி, லவ்லி" என்றபடி இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கோப்பையை நீட்டுவார். கிழமை முழுக்கப் பாணோடு நின்ற நீங்கள் அந்த ஒரு நாளில் வேறு மனிசன். அதனால்தான் நான் மறிக்கவில்லை.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசாமல் வந்து சப்பாத்தைக் கழற்றினீர்கள். என்னவென்று கேட்டேன். பற்றைப் புதருக்குப் பக்கத்தில் ஒரு மான் நின்றதாம். உங்களுக்கு முதல் டெரிக் கண்டுவிட்டாராம். "இந்த நாட்டு வெளிச்சம் சரியில்லை, தவம். விடிஞ்சும் விடியாத மாதிரி ஒரு வெளிச்சம்," என்றீர்கள். டெரிக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார். இங்கே எல்லாரும் பைனாகுலர் வைத்திருப்பார்கள், அது இல்லாமல் இவ்வளவு நாள் பார்த்ததுதான் அதிசயம் என்று.

நாற்பது பவுணுக்கு மேலே போகக் கூடாது என்று முடிவு எடுத்தோம். அதுவே எங்களுக்குப் பெரிய காசு. முதலில் சந்தைக்குத்தான் போனோம், நீங்களும் நானும் வசந்தியும். அங்கே பெட்டிக்குள் பளபளவென்று ஒன்று இருந்தது. மேலே 20x50 என்று போட்டிருந்தது. டெரிக் உங்களுக்கு எழுதித் தந்த துண்டில் 8x40 என்று இருந்தது. எண்களும் நடுவில் இருந்த பெருக்கல் குறியும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தவை. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.

"இது ஆயிரம் வருது. டெரிக் எழுதினது முந்நூற்றிருபதுதான். ஆயிரத்தை விட்டிட்டு ஆரும் முந்நூறை வாங்குவினமே?" என்று கேட்டேன்.

"அம்மா கணக்கிலை புலி!" என்றாள் வசந்தி.

நீங்களும் "அதுதானே!" என்றீர்கள். நல்ல வேளை, வாங்குவதற்கு முதல் டெரிக்கைக் கேட்போம் என்று வந்துவிட்டோம்.

அடுத்த நாள் டெரிக் எங்கள் சமையலறை மேசையில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பெருக்கக் கூடாது, பிரிக்க வேண்டும் என்றார். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டக் காட்டும் என்கிறது. பின் எண் முன்னால் இருக்கிற கண்ணாடியின் அகலம். அகலத்தை மடங்கால் பிரித்தால் வருவதுதான் கண்ணுக்குள் விழுகிற வெளிச்சப் பொட்டின் அளவு. விடியலிலும் பின்னேரத்திலும் எங்கள் கண்மணி விரிந்து நிற்கும், அப்போது அந்தப் பொட்டு ஐந்தாவது இருக்க வேண்டும். வசந்தி கடதாசியில் பிரித்தாள். எங்கள் ஆயிரத்துக்கு இரண்டரை வந்தது. நாற்பதை எட்டால் பிரிக்க ஐந்து வந்தது. இருபது மடங்கு காட்டுவது கையில் நிற்காது, மூச்சு விட்டாலே மான் துள்ளும் என்றார் டெரிக். மானைத் தேடுகிறவனுக்கு எட்டே போதும்.

இந்தக் காசுக்குப் புதிது எடுத்தால் விளையாட்டுச் சாமான்தான் வரும், பழையதில் நல்லது வரும் என்றும் அவர்தான் சொன்னார். நேர்க்குழாய் வைத்தது விலை கூட. குழாய் முழங்கை மடித்த மாதிரி இருக்கிற பழைய வகையில் அதே தரம் பாதி விலைக்கு வரும். இவ்வளவும் அவருக்கு என்ன தேவை? தன் ஓய்வு நாளில் உங்களோடு பஸ் ஏறி, பழைய கமராக்கள் விற்கிற ஒரு கடைக்கு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஏதும் கழன்று கிடக்கிறதா என்று. முன் கண்ணாடியை வெளிச்சத்தில் சரித்து, நாவல் நிறம் தெரிகிறதா என்று பார்த்தார், அந்தப் பூச்சு இருந்தால்தான் வெளிச்சம் வீணாகாதாம். விளக்குக் கம்பத்தைப் பார்த்து, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்று பார்த்தார். கடைசியில் 8x40 ஒன்றைத் தேர்ந்து உங்கள் கையில் தந்தார். நீங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு "குட், குட்" என்றீர்கள்.

இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது ஒரு கண் மற்றக் கண்ணின் குறையை மூடிவிடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து, டெரிக் சொல்லித் தந்தபடி ஒவ்வொரு கண்ணாகச் சரிப்படுத்தினீர்கள். இடக்கண்ணால் பார்த்து நடுவில் உள்ள சில்லைத் திருப்ப வேண்டும். பிறகு வலக்கண்ணால் மட்டும் பார்த்து, வலக் குழாயில் இருக்கிற வளையத்தைத் திருப்ப வேண்டும். அந்த வளையத்தை அந்த அந்தம்வரை திருப்பினீர்கள், இந்த அந்தம்வரை திருப்பினீர்கள். "இந்தப் பக்கம் புகையாக் கிடக்கு," என்றீர்கள். கொண்டுபோய்க் கொடுத்து, அதே வகையில் வேறொன்று மாற்றி வந்தீர்கள். அதிலும் வலப்பக்கம் புகை.

மூன்றாம் முறை டெரிக்குக்கு வேலை. வசந்திக்குப் பள்ளிக்கூடம். துணைக்கு நான் வந்தேன்.

கடைக்காரர் வயதானவர், பொறுமையானவர். வாங்கிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். நல்லாகத்தானே இருக்கிறது என்று கையை விரித்தார். நீங்கள் இங்கிலிஷில் வாதாடினீர்கள். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், ப்ளீஸ்," என்று என் கையில் தந்தார்.

நீங்கள் செய்ததைப் பார்த்திருந்தேன் அல்லவா, அப்படியே இடக்கண்ணை மூடினேன். முதலில் கலங்கித் தெரிந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினேன். எதிர்க்கூரையில் ஒரு புறா நின்றது. அதன் கால் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு விரல் இல்லை. பக்கத்துச் செங்கல்லின் வெடிப்புக்குள் பாசி பிடித்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் ஒன்றையும் கண்டதில்லை.

"கிளியர்?" என்று கேட்டார் கடைக்காரர்.

நான் தலையை ஆட்டினேன். நாங்கள் எல்லாரும் ஆட்டுகிற மாதிரி, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. ஓம், நல்லாகத் தெரிகிறது என்றுதான் ஆட்டினேன். சத்தியமாக அப்படித்தான்.

அவர் பெருமூச்சு விட்டார். "நோ?" என்றார்.

இந்த நாட்டில் அந்த ஆட்டலுக்கு 'இல்லை' என்று அர்த்தம் எடுக்கிறார்கள் என்று அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. 'யெஸ்' என்ற சொல் எனக்குத் தெரியும். அது நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் நீங்கள், "சீ! மை வைஃப் ஆல்சோ!" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு ஆறுதல். இரண்டு கிழமையாக அந்த முகத்தில் நான் ஆறுதலைக் காணவில்லை. அதைப் பார்த்துவிட்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக் காசைத் திருப்பித் தந்தார். தன் நல்ல சாமானைத் தானே சந்தேகத்தோடு பார்த்து, மேசைக்குக் கீழே வைத்தார்.

இது மட்டும் என்றால் தலை செய்த பிழை என்று மனதைத் தேற்றியிருப்பேன். பஸ்ஸில் நீங்கள் என்னைக் கேட்டீர்கள்.

"உமக்கும் புகையாத்தானே தெரிஞ்சது?"

"ஓம்," என்றேன்.

அது தலை சொன்னதல்ல. வாய் சொன்னது.

ஏன் சொன்னேன்? எனக்குப் பார்க்கத் தெரியாது, பெரிதாகப் படித்ததில்லை, கண்ணுக்குப் பெயர் எடுத்த மனிசன் நீங்கள், நான் கண்டதுதான் பிழையாக இருக்கும் என்று பாதி நினைத்தேன். மற்றப் பாதியை இப்போதுதான் சொல்கிறேன். கண்ணாடி நல்லது என்றால் கண் நல்லதில்லை என்று வரும். அந்த எண்ணம் பஸ்ஸில் என் மனதுக்குள் வந்தது. வந்த உடனே ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

டெரிக் முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். தான் பார்த்து எடுத்தது பழுதாகிப் போனதே என்று, தன் மச்சானிடம் இருந்த பழையது ஒன்றைச் சின்ன விலைக்கு வாங்கித் தந்தார். "இது பரவாயில்லை," என்றீர்கள். மாரி முழுக்க அதோடு போனீர்கள். நானும் நம்பினேன். நம்புவதுதான் எனக்கும் சுகமாக இருந்தது.

அடுத்த ஆவணியில் ஒரு காலை கேத்திலை எடுத்து, கப்பின் வலப்பக்கத்தில் மேசையிலேயே தண்ணீரை ஊற்றினீர்கள். ஊற்றிக்கொண்டே நின்றீர்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, படம் எடுத்தல், வலக்கண்ணுக்குப் பின்னால் நரம்பை அமத்திக்கொண்டு ஒரு கட்டி. எவ்வளவு காலமாகப் பார்வை குறைவு என்று டொக்டர் கேட்டார். வசந்தி தமிழில் சொன்னாள். "ஒரு மாசம்," என்றீர்கள். வசந்தி அதை அப்படியே இங்கிலிஷில் சொன்னாள். நான் மற்றக் கதிரையில் இருந்தேன். பத்து மாதம் என்று எனக்குத் தெரியும். டொக்டர் எழுதிக்கொண்டார்.

டெரிக் உங்களைப் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா? கட்டிலுக்கு வலப்பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, கொஞ்ச நேரம் கதைத்தார். நீங்கள் அவரைத் தேடிச் சுவரைப் பார்த்தீர்கள். அவர் எழும்பிக் கதிரையை இடப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார்.

மாசியில் போய்விட்டீர்கள். எரிக்கிற இடத்து வாசலில் அண்ணை டெரிக்கிடம் இங்கிலிஷில் ஏதோ சொன்னார். டெரிக்கின் முகம் சிவந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் போனார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பிறகொரு நாள் வசந்தியைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய்க் கேட்டேன். பத்து மாதத்துக்கு முதலே வந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாமா? அவர் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தன்னிடம் இல்லை என்று மட்டும் சொன்னார். இல்லை என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். ஓம் என்று சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன். இரண்டும் இல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு போட்டேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. போன மாதம் திவசத்துக்கு உங்கள் படம் தேடி அலுமாரியைத் துப்புரவாக்கினேன். டெரிக்கின் மச்சானிடம் வாங்கின பைனாகுலர் உள்ளே இருந்தது. முன் கண்ணாடிகளுக்கு இரண்டு றப்பர் மூடி வரும் அல்லவா? இடப்பக்கத்து மூடியைக் காணவில்லை. கண்ணாடியில் கீறலும் சேற்றுப் பொட்டும் இருந்தன. வலப்பக்கத்து மூடி அப்படியே இருந்தது. இறுகிப்போய்க் கத்தி நுனியால் கிளப்ப வேண்டியிருந்தது. உள்ளே கண்ணாடி அன்றைக்கு வாங்கின மாதிரி.

நீங்கள் அந்த மூடியைத் திறக்கவே இல்லை.

அப்படியென்றால் உங்களுக்கும் தெரியும். மாரி முழுக்க ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பரவாயில்லை என்றீர்கள். என்னிடமிருந்து ஒளித்தீர்களா, உங்களிடமிருந்தே ஒளித்தீர்களா? வேலையிடத்தில் அந்தப் பெயர் போய்விடும் என்று பயந்தீர்களா? அல்லது நான் சொன்ன 'ஓம்' பொய் என்று அன்றைக்கே கண்டுபிடித்து, பாவம் இவள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டீர்களா? அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து உங்களோடு நல்லாகச் சண்டை பிடித்தேன். கட்டின நாளிலிருந்து நான் உங்களுக்கு அப்படி ஏசினதில்லை. பக்கத்து ஃப்ளாட் மனிசி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணையின் பக்கத்தை வசந்தி வாசித்துக் காட்டினதும் அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"அத்தான், நீங்கள் எழுதினதிலை ஒரு பிழை இருக்கு."

"எழுத்துப் பிழையே? வசந்தியைத் திருத்தச் சொல்லும்."

"எழுத்திலை இல்லை. அந்தக் கண்ணாடி பழுதில்லை. கடையிலை நான் பாத்தனான். வடிவாத் தெரிஞ்சது."

அண்ணை அந்தப் பக்கம் டிவியை நிறுத்தினார்.

"என்ன கதை கதைக்கிறீர்? தவமும் பாத்தவ, அவவுக்கும் புகையாத்தான் தெரிஞ்சது எண்டு தம்பி எனக்குச் சொன்னவன். உம்மை நம்பித்தானே நான் அந்த மனிசனுக்கு அப்பிடி ஏசினனான்!"

"ஓம் அத்தான். என்னை நம்பித்தான்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"அந்தப் பக்கத்தை எடுங்கோ. நான் ஒண்டு எழுதித் தாறன்."

"ஊர் முழுக்கச் சொல்லப் போறீரோ? செத்தவன்ர கண் பழுது எண்டு?"

அந்தக் கேள்வி என்னை ஒரு நாள் முழுக்க மறித்துவைத்தது. உங்கள் மூடியை எல்லாருக்கும் முன்னால் திறக்கிறேனோ என்று. ஆனால் வருத்தம் வந்த கண்ணில் என்ன வெட்கம் இருக்கிறது? ஒரு நல்ல மனிசனின் பெயர் கெட்டுக் கிடக்கிறது, அதுதான் வெட்கம். அதை நான் கெடுத்தேன், அண்ணை அல்ல. அடுத்த நாள் அண்ணையே ஃபோன் எடுத்தார். "பக்கத்தை எடுத்திட்டன். நீர் எழுதும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் வசந்தியும் டெரிக் வீட்டுக்குப் போனோம். செருப்போடு வந்து கதவைத் திறந்தார். மெலிந்துவிட்டார். வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதை வாசலிலேயே நின்று சொன்னேன். "டெரிக். ஷொப் பைனாகுலர் குட். ஐ லுக். ஐ சீ. ஐ நோ டெல்." மிச்சத்தை வசந்தி சொன்னாள். கடையில் நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று அவளே ஆட்டியும் காட்டினாள்.

அவர் படியில் குந்திவிட்டார். சில பவுண் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கூட்டாளியின் கண்ணை நான் கெடுத்தேனோ என்று நினைக்காத நாளில்லை என்றார். அந்த மாரிக்குப் பிறகு துவக்கைத் தொடவே இல்லையாம். இன்னொன்றும் சொன்னார். அந்த மாரியில் நீங்கள் திடீரென்று எப்போதும் அவருக்கு வலப்பக்கமாகவே நடக்கத் தொடங்கினீர்களாம். அவர் உங்கள் இடப்பக்கம் வரவேண்டும் என்றுதான் அப்படி. "தமிழ் ஆட்களின் ஏதோ வழக்கம் என்று நினைத்து நான் கேட்கவில்லை," என்றார். வசந்தி அதைத் தமிழில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு மூன்று பேரும் அழுதோம்.

திவசத்துக்கு வரச் சொன்னேன். ஒரு முயல் கொண்டு வரட்டா என்று கேட்டார். திவசத்துக்கு மச்சம் மாமிசம் ஆகாது, வெறுங்கையோடு வாங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இரண்டு பேரும் பொய் சொன்னோம். அந்தப் பொய் உங்களை எங்களிடமிருந்து எடுத்ததா, நீங்கள் எப்படியும் போகத்தான் இருந்தீர்களா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே இருக்கப் பழகுகிறேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். சனிக்கிழமை மண்டபத்தில் இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். தான் வாசிக்கிறேன் என்றாள் வசந்தி. வேண்டாம் என்றேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நேரம் எடுக்கும், சனம் பொறுத்திருக்கட்டும். டெரிக்கை முன்வரிசையில் அண்ணைக்குப் பக்கத்தில் இருத்துவேன். தமிழ் அவருக்கு விளங்காது. தன் பெயர் வருகிற இடம் விளங்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, கடதாசியிலிருந்து தலையை நிமிர்த்தி, எல்லாரும் பார்த்திருக்க அவரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கட மனிசி
தவம்